காரை விற்கலாம், போனஸை விற்காதீர்கள்

கேள்வி: பழைய காரை விற்றுப் புதுசு வாங்கப் போகிறேன். பழசுக்குக் கட்டிய ஆயுள்கால வரியும் இன்ஷூரன்ஸும் கோவிந்தாதானா? (வாசகர், மதுரை)

பதில்: வரி வண்டியோடு போய்விடும். தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் அரசு ஒரு பைசா திருப்பித் தராது. விலை பேசும்போது, 'லைஃப் டாக்ஸ் கட்டின வண்டிங்க' என்று இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸில்தான் உங்கள் பங்கு இருக்கிறது. தொடர்ந்து 5 வருஷம் க்ளெய்ம் வாங்காதவருக்குக் கிடைக்கும் 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் காருக்குச் சொந்தமல்ல, உங்களுக்கு. வண்டியை விற்றதும் பழைய கம்பெனியிடம் என்.சி.பி. சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். 3 வருஷம் செல்லும். புதுக் காரின் சொந்தச் சேத பிரீமியம் பாதியாகும். தேர்டு பார்ட்டி பிரீமியம் மட்டும் அசைந்து கொடுக்காது. புதுக் காரின் டீலர் தானாக ஞாபகப்படுத்துவார் என்று காத்திருக்காதீர்கள். அவருக்கு உங்கள் சிக்கனத்தில் என்ன அக்கறை?

இதைவிடப் பெரிய வம்பு ஆர்.சி. புத்தகம். 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, பணத்தை எண்ணி, சாவியைக் கொடுத்ததோடு கதை முடியாது. பெயர் மாறுவதற்குள் வண்டியை வாங்கியவர் யார் மேலாவது மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.