பேய் பார்க்க நல்ல நேரம்

என் அக்கா மகன் ஆன்லைனில் பேய் மீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறான். டி.வி. ரிமோட் அளவுதான் இருக்கும். உச்சியில் வரிசையாகக் குட்டி விளக்குகள். பேய் கிட்டே வர வரப் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகிவிடுமாம். மின்காந்தப் புலத்தை அளக்கும் சாதாரணக் கருவி அது. எலக்ட்ரீஷியன் பையில் கிடக்க வேண்டியது. வெளிநாட்டு டி.வி.க்காரர்கள் அதைப் பாழடைந்த பங்களாக்களுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பிரபலமாக்கியதில், அம்பத்தூர் வரைக்கும் கூரியரில் வந்து சேர்ந்துவிட்டது.

இடத்தைப் பற்றி அவனுக்குச் சந்தேகமே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலை. மதில் வெடிப்பில் அரசங்கன்று, கேட்டில் துருப்பிடித்த சங்கிலி. 1960-களில் வந்த தொழிற்பேட்டை என்பதால் அந்த மாதிரி இடங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. நேரத்துக்குத்தான் என்னிடம் ஒப்புதல் கேட்டான்.

“விடியக்காலம் மூணு மணி மாமா. அதான் பேய் டைம்.”

“யார் சொன்னது?”

“கான்ஜூரிங்.”

2013-ல் வந்த அந்தப் படத்தில் வீட்டுக் கடிகாரங்களெல்லாம் அதிகாலை 3.07-க்கு நின்றுபோகும். ஏசு உயிர்விட்டது பிற்பகல் மூன்று மணி, அதைக் கேலி செய்யவே சாத்தான் அதிகாலை மூன்றைப் பிடித்துக்கொண்டான் என்று அங்கே ஒரு காரணம் சொல்வார்கள். இருக்கட்டும், அது அவர்கள் ஊர் வழக்கு. அம்பத்தூர் முனிக்கும் அந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம்? போதாததற்கு, அந்த வீடு இருப்பது அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில். கோடைக்காலத்தில் அங்கே அதிகாலை 3.07 என்றால் இங்கே பகல் 12.37. வருஷக்கணக்காக அமெரிக்க ஷிஃப்ட் பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியிருந்தது. பேய் என்றதும் பையன் மூளையை லாகவுட் செய்துவிடுகிறான்.

அவன் மந்தைவெளிக்காரன். ராத்திரி என்றால் தெரு அடங்கிவிடும் என்று நம்பி வளர்ந்தவன். எஸ்டேட்டில் பத்து மணிக்கு இரண்டாவது ஷிஃப்ட் விட்டு, நைட் ஷிஃப்ட் உள்ளே போகும். பதினொன்றுக்குக் கையேந்தி பவனில் கல் ஆறும். கடைசி யூனிட் ரயிலில் வந்து இறங்கியவர்கள் ஷேர் ஆட்டோ கிடைக்காமல், வீட்டில் யாரையாவது போனில் எழுப்பித் திட்டிக்கொண்டே நடப்பார்கள். அப்புறம் ஆவின் பால் பண்ணை வேன்கள், அவற்றுக்குப் பின்னால் ஐ.டி. கம்பெனி கேப்கள். இரண்டு மணிக்கு வெளிமாநில லாரி ஒன்று வந்து நிற்கும்; டிரைவர் இறங்கி, லோடு இறக்க வேண்டிய கம்பெனி எங்கே என்று நாய்களிடம் இந்தியில் விசாரிப்பார். மூன்றுக்கு சைக்கிள் டீ. மூன்றரைக்குக் கோயம்பேடு கிளம்பும் காய்கறிக் கடைக்காரர்கள். ஆடி மாதமாக இருந்துவிட்டால் நாலு மணிக்கு ஒலிபெருக்கியில் எல்.ஆர்.ஈஸ்வரி. இதில் பேய் எந்த இடைவெளியில் புகுந்து தொழில் பண்ணும்?

சொன்னால் கேட்கவில்லை. அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் என்பதால் துணைக்குப் போனேன். தொழிற்சாலை மதிலோரம் மீட்டர் பச்சையிலேயே இருந்தது. திரும்பும்போது ரயில் பாதைப் பக்கம் வந்தோம், அங்கே சிவப்பு எரிந்தது. பையன் உடம்பெல்லாம் புல்லரித்து வீடியோ எடுக்க ஆரம்பித்தான். மேலே போகிற கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட் என்று நான் சொன்னதைப் பதிவிலிருந்து வெட்டிவிட்டான் என்று பிற்பாடு தெரிந்தது. ரோந்து வந்த போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, “என்னது கையில?” என்றார். “பேய் மீட்டர் சார்.” அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பெரியவரே, பேய் கிடைச்சா வாடகைக்கு மட்டும் விட்டுராதீங்க. போலீஸ் வெரிஃபிகேஷன் வேணும்.”

அன்றைக்கு எங்களைப் பிடித்தது கொசு மட்டுமே. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி என்று மூன்று பக்கமும் தண்ணீர் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் ராத்திரி வேட்டைக்குக் கிளம்புவதே தவறான திட்டம். ஆந்திராவில் 2018 ஜூனில் இதை ஒருவர் நிரூபித்தே காட்டியிருக்கிறார். பாலகொல்லு எம்.எல்.ஏ. நிம்மல ராமநாயுடு, சுடுகாட்டைச் சீரமைக்கும் வேலைக்கு வரத் தொழிலாளர்கள் பயந்தபோது, தானே கட்டிலைப் போட்டுச் சுடுகாட்டில் படுத்தார். மறுநாள் அவர் சொன்ன ஒரே குறை கொசுக்கடி. பேயைப் பற்றி அவரிடம் புகார் எதுவும் இல்லை.

பேய் நேரத்தைப் பற்றி நம் ஊரில் கேட்க வேண்டியது என் அம்மா மாதிரி ஆட்களிடம். திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமம். எண்பது தாண்டியும் ராத்திரி தனியாகப் புழக்கடைக்குப் போவாள். உச்சி வேளையில் மட்டும் வேப்பமரத்தடியில் யாரையும் நிற்க விடமாட்டாள். “உச்சிப் பொழுதுல முனி ஓட்டம் இருக்கும்டா. குறுக்க நின்னா அடிச்சிடும்” என்பாள். பச்சைப் பிள்ளையை அந்த நேரத்தில் வெளியே தூக்கிப் போனால் வீடே ரணகளமாகும். முனி எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிய வேண்டுமானால் திருமுல்லைவாயல் பச்சையம்மன் கோயிலில் போய் அண்ணாந்து பாருங்கள். அந்த உருவம் ஓடிவரும் பாதையில் நிற்கக் கூடாது என்பதற்கு மாந்திரீகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிழக்கு ஐரோப்பியக் கிராமங்களிலும் இதே பயம் உண்டு. அறுவடை வயலில் உச்சி வெயிலில் நிற்பவர்களிடம் ஒரு நடுப்பகல் பெண் வந்து கேள்வி கேட்பாள், பதில் தெரியாவிட்டால் தீர்ந்தது. வெயிலில் உழைக்கிற எல்லா ஊருக்கும் நடுப்பகலில்தான் தலை சுற்றியிருக்கிறது.

இலக்கியமும் அம்மா கட்சிதான். கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் காட்டும் பேய்கள் போர்க்களத்தில் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, நாக்கு வழித்து, குளித்து முழுகி, அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சி, பந்தி போட்டு உட்காருகின்றன. இவ்வளவையும் முடித்து இலைக்கு வர எத்தனை மணி ஆகும்? நம் வீட்டுக் கணக்கிலேயே பன்னிரண்டு.

பேய்க் கதைகளில் நாம் முதல் மரியாதை தர வேண்டியவள் இதே ரயில் பாதையில் இருக்கிறாள். ஆவடியில் அரக்கோணம் யூனிட் ஏறினால் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் பேயுருவோடு வந்து சிவன் ஆடலைக் கண்ட தலம். அதற்குப் பக்கத்தில்தான் பழையனூர், நீலியின் ஊர். முன்பிறவியில் தன்னைக் கொன்றவன் இப்பிறவியில் வணிகனாக வருகிறான், கையில் மந்திரித்த கத்தி. அது இருக்கும்வரை நெருங்க முடியாது. நம் சினிமாப் பேயாக இருந்தால் கதவைப் படபடவென்று அடித்து, பல்பை மினுக்கி, ஒன்றரை மணி நேரத்தை வீணடித்திருக்கும். நீலி கள்ளிக் கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நேராக ஊர்ப் பெரியவர்கள் கூடிய இடத்துக்கு வந்தாள். “இவர் என் புருஷன். எங்களை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறார்.” கண்ணீர் கொட்டியது. குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்றது. எழுபது வேளாளர்கள் உருகிப்போய், கத்தியை வாங்கிவைத்துக்கொண்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் ஜாமீன் என்று சொல்லி அவனை அவளோடு அனுப்பினார்கள். காலையில் வணிகன் பிணம். எழுபது பேரும் தீக்குளித்து வாக்கைக் காப்பாற்றினார்கள். 7-ம் நூற்றாண்டில் சம்பந்தரே ஆலங்காட்டுப் பதிகத்தில் இதைத் தொட்டுப் பாடியிருக்கிறார் என்றால் வழக்கு எவ்வளவு பழையது பாருங்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், தீர்ப்பை அவள் ஊர் விழித்திருக்கும்போது வாங்கிவிட்டாள். ராத்திரி நடந்தது வெறும் ஜப்திதான்.

சரி, உச்சி வேளை என்று முடிவாயிற்று. எந்தப் பன்னிரண்டு? இங்கேதான் சிக்கல். இன்றைய இந்திய நேரம் 1906 ஜனவரி முதல் தேதியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் இங்கே ஓடியது மெட்ராஸ் நேரம், இப்போதைய கடிகாரத்துக்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பின்னால். 1906-க்கு முன் செத்தவர் எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பார்? அரசாணை அவருக்கு வந்து சேர்ந்திருக்காது. ஆவடியில் இன்னும் மோசம். இரண்டாம் உலகப்போரில் அங்கே ராணுவ முகாம் இருந்தது. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சிப்பாய் ஆவிக்குப் பன்னிரண்டு அடிக்கும்போது நமக்குப் பதினொன்று. நாம் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவர் டூட்டி முடிந்து போயிருப்பார்.

சூரியனைக் கேட்டால் அது இன்னொரு பதில் சொல்கிறது. அம்பத்தூரில் பிப்ரவரி மாதம் பன்னிரண்டே கால் தாண்டித்தான் அது உச்சிக்கு வரும். நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டுக்கு முன்னாலேயே வந்து போய்விடும்.

கிழமையும் பார்க்க வேண்டும். நாள்காட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஞாயிறு பன்னிரண்டுக்கு எமகண்டம். எமன் பெயரிலேயே நேரம் இருக்கும்போது நாம் போய்ப் பேயைத் தேடுவது அதிகப்பிரசங்கித்தனம். புதன் பன்னிரண்டுக்கு ராகு காலம். செவ்வாய் பன்னிரண்டுக்குக் குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பதால்தான் அந்த நேரத்தில் பிணம் எடுக்கமாட்டார்கள், நகை வாங்குவார்கள். குளிகையில் ஒரு பேயைப் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மாதாமாதம் இ.எம்.ஐ. போல வந்துகொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை அருமை: பன்னிரண்டுக்கு ராகு காலம் முடிகிறது, பேய்க்கும் பிடித்த கிழமை. மந்தைவெளியிலிருந்து வருகிறவனுக்கு மேற்கே சூலம், அவ்வளவுதான். பரிகாரம் வெல்லம். அம்மா ஒரு கட்டி வெல்லத்தை அவன் வாயில் திணித்தாள்.

“மாமா, நல்ல நேரத்துல ஆரம்பிச்சா காரியம் ஜெயிச்சிடுமே?”

“ஜெயிக்கத்தானேடா போறோம்?”

பதில் வரவில்லை. வெல்லம் கரையும் சத்தம் மட்டும் கேட்டது.

ஏப்ரல் கடைசி வாரம். அதே தொழிற்சாலைத் தெரு. ராத்திரி நிரம்பி வழிந்த இடத்தில் ஒரு ஈ இல்லை. டீக்கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசல் பெஞ்சுக்கடியில் நாய் ஒன்று நான்கு காலையும் நீட்டிக் கிடந்தது. தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. பக்கத்துக் கம்பெனி எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் கம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் கவன்ட்ரியில் விக் டேண்டி என்ற பொறியாளர் ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்டு நடுங்கி, கடைசியில் புதிதாக மாட்டிய ஃபேனின் சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் அது என்று கண்டுபிடித்து, 1998-ல் கட்டுரையும் எழுதினார். அந்தக் கணக்கில் எஸ்டேட்டில் ஷிஃப்டுக்கு ஒரு பேய் இருக்க வேண்டும் என்று பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெருக்கோடியில் ஒரு கிழவி வந்தாள். தலையில் முந்தானை, கையில் தூக்குவாளி. பையன் மீட்டரைப் பார்க்கவில்லை, அவள் காலைப் பார்த்தான். பேய்க்கு நிழல் கிடையாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கிழவிக்கு நிழல் இல்லை.

சென்னையில் வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், சூரியன் நேர் உச்சிக்கு வந்து நட்டுவைத்த கம்பத்துக்குக்கூடப் பக்கவாட்டில் நிழல் விழாது. இது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும், பத்தாம் வகுப்பில் மாடல் செய்து பரிசு வாங்கியவன். ஆனால் தன் காலடியைக் குனிந்து பார்த்து, அங்கேயும் நிழலைக் காணாதபோது அவன் முகம் போன போக்கு இருக்கிறதே!

“தம்பி, ஆவடி பஸ்ஸு போயிடுச்சா?” என்றாள் கிழவி.

அவன் போயிருந்தான். நான்தான் பதில் சொன்னேன். பஸ் கேட்பவர்கள் மனிதர்கள்தான் என்பது என் கட்சி. நீலியாக இருந்தால் பழையனூருக்கு யூனிட் ஏறியிருப்பாள், வழியும் அதுதான்.

ஆகவே உங்களில் யாருக்காவது இந்த ஆசை இருந்தால்: மூன்று மணிக்கு அலாரம் வைத்து வீட்டாரைக் கெடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை, ராகு காலம் தாண்டி, மெட்ராஸ் நேரத்துக்காரர்களுக்கும் வாய்ப்புக் கொடுத்து, சரியாகப் பன்னிரண்டு பத்து. கிழக்கேயிருந்து வருகிறவர்கள் வெல்லம் கொண்டுவாருங்கள். குடையும் மோரும் எல்லாருக்கும் கட்டாயம். இரண்டு மணிக்கு முதல் ஷிஃப்ட் விட்டுவிடும், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.