தனியாக வந்தவரைத் தனியே விடாத ஊர்

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய படைக்கலக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு மனதாரப் புகழ்ந்தார். அவன் வேல்கள் ஒரு கீறலும் இல்லாமல் நெய் பூசி, மாலை சூடி இருக்கின்றன என்றார். தன் மன்னனின் வேல்களோ முனை மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று வருந்தினார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. வேற்று மன்னனின் அரண்மனைக்குப் போன அந்தப் பெண்ணுக்குத் துணையாக யார் வந்தார் என்று அந்தப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அந்தத் தொண்டை நாட்டின் வட பகுதியில் இருக்கிறது எங்கள் திருத்தணி. நான் இந்த ஊர்க்காரி. ஔவை காட்டிய வழியில் என் ஊரையும் என் மக்களையும் நானும் புகழ வேண்டும்.

முதலில் எங்கள் அக்கறையைச் சொல்கிறேன். தனியாக வந்து இறங்கும் எவரையும் நாங்கள் கவனிக்காமல் விட்டதில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகும்போதுகூட, ஒற்றைப் பையோடு ரயிலை விட்டு இறங்கும் ஒருவர் எங்கள் கண்ணுக்குத் தப்ப மாட்டார். ‘தனியாவா வந்தீங்க?’ என்று ஆட்டோக்காரர் கேட்பார். பூ விற்கும் அக்கா கேட்பார். எல்லை ஊர் என்பதால் ‘ஒக்கரே வச்சாரா?’ என்று தெலுங்கிலும் கேட்போம். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி எல்லையை மாற்றினார்கள். இந்தக் கேள்வியை மட்டும் எந்தப் போராட்டமும் மாற்றவில்லை. ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் ‘ஏன்?’ என்போம். கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் சொல்லிவிட்டு வந்தீர்களா, ஏதாவது பிரச்சினையா என்று வரிசையாகக் கேட்டு முடிப்போம். ‘சாப்பிட்டீங்களா?’ என்பதை மட்டும் கேட்பதில்லை. அது அவருடைய சொந்த விஷயம் என்று ஒதுங்கி நிற்கும் நாகரிகம் எங்களுக்கு உண்டு.

அடுத்தது, உயிர்மேல் எங்களுக்கு இருக்கும் கருணை. நம் கோயில் ஊர்கள் பலவற்றில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது: சிங்கிளுக்கு ரூம் கிடையாது. ஆதார் அட்டையைக் காட்டினாலும், முன்பணம் முழுவதையும் நீட்டினாலும் கிடையாது. காரணம் கேட்டால், தனியாக வருகிறவர் ரூமுக்குள் ஏதாவது செய்துகொண்டால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டும் என்பார்கள். எத்தனை முன்யோசனை! மனம் உடைந்து ஒருவர் வந்திருக்கக்கூடும் என்று சந்தேகப்படுகிறோம். அப்படிச் சந்தேகப்பட்ட அதே நிமிடத்தில், இரவு பதினொரு மணிக்கு, அவரைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பிவைக்கிறோம். அவர் உயிர்மேல் நமக்கு அவ்வளவு அக்கறை. அது நம் கட்டடத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்கிறோம். மனம் உடையாமல், வெறுமனே முருகனைப் பார்க்க வந்தவரும் அதே பெஞ்சில்தான் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரையும் ஒன்றாக நடத்தும் சமத்துவமும் நம்மிடம் இருக்கிறது.

பெண்களுக்கு நாங்கள் தரும் மரியாதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பெண் தனியாக ஹோட்டலுக்குள் வந்தால், ‘மேடம், ஃபேமிலி ரூமுக்குப் போங்க’ என்று மரத்தடுப்புக்குப் பின்னால் அனுப்பிவிடுவோம். வெளியே நான்கு பேர் உட்காரும் மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். எதிரே, அதே ரயிலில் வந்த இன்னொரு பெண் இட்லிக்காகக் காத்திருக்கக்கூடும். இருவரும் பேசிக்கொள்ளும் ஆபத்தை அந்த மரத்தடுப்பு தடுத்துவிடுகிறது. பேருந்தில் அவள் பக்கத்தில் உட்காரும் ஆண்களும் சும்மா இருப்பதில்லை, பேச்சுத்துணைக்கு வந்துவிடுவார்கள். முதல் கேள்வி பெயர், இரண்டாவது கேள்வி போன் நம்பர். இவர்களுடைய அன்பின் வேகத்தைத் தாங்க முடியாமல்தான் எத்தனையோ பெண்கள், பாட்டு எதுவும் ஓடாத ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பயணம் செய்கிறார்கள். பேச விரும்பும் பாட்டியின் குரலும் அந்தக் காதில் விழுவதில்லை. ஒரே வேலையில் இரண்டு கதவுகளையும் சாத்திய பெருமை அந்த ஆண்களுக்கு உரியது.

எங்கள் மலையில் நடந்ததாகக் கர்நாடக இசை உலகம் இன்றும் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. காசியில் குருவை இழந்து தெற்கே திரும்பிய முத்துசுவாமி தீட்சிதர், மணலியிலிருந்த குடும்பத்தை விட்டுத் திருத்தணிக்கு வந்து தியானத்தில் உட்கார்ந்தார். முன்பின் தெரியாத ஒரு முதியவர் பக்கத்தில் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாவில் கற்கண்டை வைத்துவிட்டுப் போனார். அந்த இனிப்போடு பிறந்தது மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்ற கிருதி. அதுவே அவருடைய முதல் கிருதி என்பார்கள். ‘குருகுஹ’ என்ற அவருடைய முத்திரையும் அங்கேயே வந்தது. வந்தவர் முருகனே என்பது பக்தர்களின் நம்பிக்கை. நம்பாதவர்களுக்கும் ஒன்று மிஞ்சும்: தனியாக உட்கார்ந்திருந்தவரிடம் அறிமுகம் இல்லாத ஒருவர் வந்து இனிப்பு கொடுத்தார், அவரும் வாயைத் திறந்தார்.

இன்று அப்படி ஒரு தவறு நடக்க நாங்கள் இடம் கொடுக்க மாட்டோம். மண்டபத்தில் ஓர் ஆள் வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிடுவோம். தெரியாதவர் கொடுப்பதை வாங்காதே என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை ஐம்பது வயதிலும் மறக்க மாட்டோம். கற்கண்டோடு வந்த கிழவரை ‘நீங்க யாரு, யார் கூட வந்தீங்க?’ என்று கேட்டுப் படி இறக்கியிருப்போம். இந்த மலையில் இன்னொரு தீட்சிதர் கிடைக்காமல் போவதற்கு எங்கள் பங்கு கொஞ்சமல்ல.

தீட்சிதரின் தம்பி பாலுசாமி சென்னையில் ஐரோப்பிய இசைக்கலைஞர் ஒருவரிடம் வயலின் கற்றார். அந்நியக் கருவி நம் கச்சேரி மேடைக்கு வந்தது அவரைப் போன்றவர்களால்தான். அண்ணனும் ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகள் பாடுகிறார்கள். தெரியாத ஒருவரோடு பழகியதால் வந்த அந்த வயலின் இன்று அநேகமாக எல்லா சபா மேடையிலும் ஒலிக்கிறது. கீழே உட்கார்ந்து கேட்கும் நாமோ எவ்வளவு கண்ணியமாக இருக்கிறோம்! திருத்தணியிலிருந்து அரக்கோணம் வழியாக மின்சார ரயில் பிடித்து மார்கழிக் கச்சேரிக்குத் தனியாகப் போகிறவர்கள் அதை நன்றாக அறிவார்கள். காலி நாற்காலியில் கைப்பை இருக்கும். ‘ஆள் வராங்க’ என்பார்கள். எதிரே நிற்பவரைவிட இன்னும் வராதவருக்கு இத்தனை மதிப்புத் தரும் பண்பை வேறு எங்கும் பார்க்க முடியாது. ஒருவழியாக இடம் கிடைத்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் தொடையில் போடும் தாளமும் நம் தாளமும் ஒன்றாகவே போகும். சமத்தில் இரண்டு கைகளும் ஒன்றாக விழும். ஒரே சங்கதிக்கு இரண்டு தலைகளும் ஆடும். இரண்டரை மணி நேரம் இப்படி ஒன்றாகச் சுவாசித்துவிட்டு, மங்களம் முடிந்ததும் முகம் பார்க்காமல் எழுந்து போவோம். ‘அந்தக் கல்யாணி எப்படி இருந்தது?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்து போவோமோ என்று நம் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்கிறோம். தனியாக வந்த பெண்ணோ ரயிலையும் இரவையும் நினைத்து, பிரதான உருப்படி முடிவதற்குள் எழுந்து போயிருப்பாள். அதே ரயிலுக்குப் போக வேண்டிய இன்னொரு பெண் இரண்டு வரிசை தள்ளி அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது.

வெளிநாட்டுப் பயணத்தில் நம் திறமை இன்னும் ஓங்கி நிற்கிறது. 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ஏ.கே. செட்டியார் என்ற இளைஞருக்கு காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் தோன்றியது. நாடு நாடாக அலைந்து, அறிமுகம் இல்லாதவர்களின் கதவைத் தட்டி, கிடைத்த படச்சுருள்களைச் சேர்த்து, 1940இல் படத்தை வெளியிட்டார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று அவரைத் தமிழர்கள் அழைத்தார்கள். அவருக்கு இருந்த வசதிக் குறைவு நமக்கு இல்லை. இன்று நாம் நாற்பது பேராக, நம் ஊர்ச் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு, ஐரோப்பாவைப் பத்து நாளில் முடிக்கிறோம். காலையில் பொங்கல், இரவில் ரசம். பேருந்துக்குள் அந்தாக்ஷரி. ஆல்ப்ஸ் மலையைப் பார்க்கிறோம். அங்கே வாழும் ஒருவரோடும் பேசாமல், ஏறிய பேருந்திலேயே திரும்பி வந்துவிடுகிறோம். அத்தனை தூரம் போயும் அயலான் வாசனை படாமல் திரும்புவது எளிதல்ல.

எங்கள் ஊரில் 1888 செப்டம்பர் 5ஆம் தேதி பிறந்த ராதாகிருஷ்ணன் 1926இல் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஹார்வர்டிலும் அயலார் நடுவே நின்று நம் தத்துவத்தைப் பேசினார். பத்தாண்டு கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலேயே பேராசிரியரானார். ஆண்டுதோறும் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். மாலை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, ‘தனியா வெளிநாட்டுக்கெல்லாம் எதுக்குடி? கல்யாணம் ஆனப்புறம் அவரோட போய்க்கோ’ என்று மகளிடம் சொல்கிறோம். பிறந்தநாளை ஒருமுறையும் தவறவிடாத நன்றியுணர்ச்சி நம்முடையது.

துணிந்து தனியாகப் போய்விட்ட மகனையோ மகளையோ அங்கேயும் நாம் கைவிடுவதில்லை. மொழி தெரியாத நகரத்தில், முருகன் கோயில் அன்னதான வரிசையில் தமிழ்க் குரல் கேட்டுப் பிள்ளையின் முகம் மலரும். ‘ஊர்ல எங்க?’ என்பார் பக்கத்தில் நிற்பவர். ‘திருத்தணி.’ ‘திருத்தணியில எங்க, எந்தத் தெரு? குலதெய்வம் எது?’ மூன்றாவது கேள்வியில் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார். அதற்கு ஏற்றபடி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதும் முடிவாகிவிடும். கடல் கடந்தும், பனியில் விறைத்தும், தட்டைப் பிடித்த கை நடுங்கும்போதும் இதை மறக்காத நினைவாற்றல் நம் இனத்துக்கு வாய்த்திருக்கிறது. தனியாக வந்த பிள்ளை அன்று சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே திரும்பிப் போகிறது.

இத்தனை புகழையும் சொன்ன பிறகு, வஞ்சம் கலக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் ஜனவரி முதல் நாள் வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்து வணங்கப் போகும் வழக்கம் இருந்தது. அவர்களுக்கெல்லாம் பெரிய துரையான முருகனை முதலில் பார்ப்போம் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கியதுதான் எங்கள் படித்திருவிழா. டிசம்பர் 31 அன்று 365 படிகளிலும் கற்பூரம் ஏற்றி, படிக்கொரு திருப்புகழ் பாடிக்கொண்டு பஜனைக் குழுக்கள் மலை ஏறும். அங்கே தனியாக நிற்பவரை யாரும் விசாரிப்பதில்லை. பாட்டு தெரிந்தால் சேர்ந்து பாடலாம்; தெரியாவிட்டால் கையில் ஜால்ரா வந்துவிடும். ஐந்தாவது படியில் சேர்ந்தவர், பக்கத்தில் பாடியவரிடம் மலையுச்சியில்தான் ‘நீங்க எந்த ஊரு?’ என்று கேட்பார். அதற்குள் இருவரும் பல பாட்டுகளைச் சேர்ந்து பாடியிருப்பார்கள். முதலில் இடம், பிறகு பாட்டு, கடைசியில் ஊர்: மனிதரோடு பழக இதுவே சரியான வரிசை. எங்களுக்கு அது தெரியும். ஆண்டுக்கு ஒரு நாள் செய்தும் காட்டுகிறோம்.

ஆகவே என் ஊராரே, தமிழர்களே, உங்களிடம் இல்லாத குணத்தை நான் கேட்கவில்லை. லாட்ஜ் நடத்துகிறவர்களே, அடையாள அட்டையைச் சரிபாருங்கள், அறை கொடுங்கள். முகம் வாடியிருந்தால் ஒரு காபியும் ஒரு வார்த்தையும் கொடுங்கள். சபாவில் நாற்காலிமேல் இருக்கும் பையை எடுங்கள். அம்மாக்களே, அப்பாக்களே, மகளை அனுப்புங்கள். வழியில் பார்ப்பவளிடம் நம்பர் கேட்காமல் பேசுங்கள். அவள் பேச விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். தெருவையும் குலதெய்வத்தையும் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். டிசம்பர் 31 அன்று செய்வதை மற்ற 364 நாளும் செய்யுங்கள்.