சக்கரப் பெருக்கவியல்: எம்ஜிபி காரை முன்வைத்து ஓர் ஆய்வு

சக்கரப் பெருக்கவியல் என்பது, தொழிற்சாலை பூட்டி அனுப்பிய சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரிய சக்கரத்தைப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பூட்டுவதும், பூட்டியபின் அதற்குக் காரணம் தேடுவதும் ஆகும். இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி இவ்வாய்வின் எல்லை. ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானதால் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை.

மூலச் சக்கரத்தின் விட்டம் 14 அங்குலம். இதில் கருத்து வேறுபாடு இல்லாததால் ஆய்வாளர் எவரும் இவ்விடத்தில் தங்குவதில்லை.

பெருக்கத்துக்குக் காரணம் மூன்று. பிடிமானம் என்பது மனைவியிடம் சொல்லப்படுவது. 14 அங்குலத்தில் நல்ல டயர் கிடைப்பது குறைந்துவிட்டது என்பது உண்மை. அழகு என்பது காரணம்.

பெருக்கினால் சிறுக்கும் என்பது இத்துறையின் தலையாய விதி. 165/80 அளவுள்ள 14 அங்குல டயரின் வெளிவிட்டம் சுமார் 620 மிமீ. அதை எடுத்துவிட்டு 15 அங்குல ரிம்மில் 205/50 டயரை மாட்டினால் 586 மிமீதான். ரிம் ஓர் அங்குலம் வளர, டயரின் பக்கச்சுவர் அதைவிட அதிகமாகக் கரைந்துவிடுகிறது. வண்டி 17 மிமீ தாழ்கிறது. மீட்டர் 60 மைல் காட்டும்போது உண்மை வேகம் 57-ஐத் தொடாது. வேகமாகப் போவதாக நினைத்துக்கொண்டு மெதுவாகப் போவதால் இதைப் பாதுகாப்பு ஏற்பாடு எனக் கொள்வாரும் உளர். மீட்டரைத் திருத்திக்கொள்ளலாம்; திருத்திக்கொள்வோர் அரியர்.

ஸ்டீயரிங் கனக்கும்.

இனி உரசலியல். பின் மட்கார்டின் உள்விளிம்பில் தகடு மடிந்து நிற்கும். திருப்பத்தில் பாடி சாய, பட்டை ஸ்பிரிங்கின் மேல் அச்சு சற்றுப் பக்கவாட்டில் நகர, அகன்ற டயரின் தோள் அந்த மடிப்பைத் தொடும். இவ்வொலி நால்வகைப்படும். ‘ஸ்ஸ்’ என்பது ஓட்டுநருக்கு மட்டும் கேட்பது. ‘சர்ர்’ என்பது டேங்க் நிரம்பியபின் எழுவது. ‘ப்ர்ர்க்’ என்பது பக்கத்து இருக்கையில் ஆள் ஏறியதும் தோன்றி, அவர் “என்ன சத்தம்?” என்று கேட்டதும் மறைவது. நான்காவது ரப்பர் கருகும் வாசனையோடு வருவதால் அதை ஒலியில் சேர்க்கலாகாது என்பர் ஒரு சாரார்.

எம்ஜிபியில் இருபுற இடைவெளியும் பெரும்பாலும் ஒன்றாக இராது. ஒரு பக்கம் உரச, மறுபக்கம் சும்மா இருக்கும். எப்பக்கம் என்பதில்தான் போர். இடப்பக்கம் என்பது ஒரு பழைய கையேட்டின் ஓரத்தில் உள்ள பென்சில் குறிப்பு (எண்ணெய்க் கறைக்கு மேல்). வலப்பக்கம் என்பது அதை மறுக்கும் பேனாக் குறிப்பு (கறைக்குக் கீழ், மை நீலம்). ‘வண்டிக்கு முன்னே நின்று பார்த்தால் இடம், உள்ளே உட்கார்ந்து பார்த்தால் வலம்’ எனச் சமரசம் செய்வது மூன்றாம் கை (கறையின் மீதே எழுதப்பட்டது, முதல் ஏழு சொற்கள் ஊகம், தேநீர்க் கோப்பையின் வட்டம் இடைச்செருகல்). இம்மூன்றையும் மேற்கோள் காட்டியோரில் குனிந்து சக்கரத்தைப் பார்த்தவர் இலர். முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மரபு இத்துறையிலும் பழுதின்றிப் போற்றப்படுகிறது.

பரிகாரம், விளிம்பை மடக்குதல். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே பேஸ்பால் மட்டையைச் செருகி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் தகடு உள்வாங்கும். அவசரப்பட்டால் பெயிண்டும் வெடிக்கும். ஆங்கிலேயக் காருக்கு அமெரிக்க மட்டை எதற்கு என்னும் தேசியவாத ஆட்சேபம் செல்லாது. கிரிக்கெட் மட்டை தட்டை, உருளாது.

எஞ்சுவது ஸ்டெப்னி. நான்கு புதுச் சக்கரம் வாங்கியவர் ஐந்தாவதற்குக் காசு கொடுப்பதில்லை. ஆகவே டிக்கியில் பழைய 14 அங்குலமே படுத்திருக்கும். பின்சக்கரம் பஞ்சராகி அதை மாட்டினால், ஒரே அச்சில் ஒருபுறம் 620, மறுபுறம் 586. நேர்ச்சாலையிலும் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல, வண்டி திரும்பிக்கொண்டே இருக்கிறது என்று எண்ணி டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்கும். அருகிலுள்ள பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டுக.