மூன்று கிலோவைக் காணவில்லை

பெறுநர்: இயக்குநர், சுற்றுலாத் துறை, கேரள அரசு, திருவனந்தபுரம்.

நகல்: நிதித் துறை (கொழுப்புக்கு வரி போட்ட முன்னனுபவம் கருதி).

பொருள்: உறைவிட எடைக்குறைப்பு முகாமின் முதல் வாரத்தில் காணாமற்போன மூன்று கிலோவைக் கண்டுபிடித்துத் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லையோர ஊர்களுக்கு எடை விவகாரம் புதிதல்ல. தமிழ்நாட்டு ரேஷன் அரிசி களியக்காவிளையைத் தாண்டி மேற்கே போவதும், பிடிபட்ட மூட்டைகளை நாளிதழ்கள் கிலோக் கணக்கில் எழுதுவதும் இங்கே வழக்கம். எதிர்த்திசையில் கேரளத்துக் கழிவு போகும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர்ப் பக்கம் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவை, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்த பிறகு, உங்கள் அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. போன எடைக்குக் கணக்குக் கேட்டால் கேரளம் பதில் சொல்லும் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. அந்தத் தைரியத்தில் எழுதப்படுவதே இந்தக் கடிதம்.

எடைக்கு உரியவர் நாகர்கோவில் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தேடினால் அகப்படமாட்டார், இப்படிப்பட்ட முகாம்களுக்குப் போய்வரும் பல பேரைச் சேர்த்துப் பிசைந்த ஆள் அவர். முகாம் நடந்த, ரப்பர் தோட்டச் சரிவில் ஓட்டுக்கூரையோடு நிற்கும் ஆயுர்வேத நிலையமும் அப்படிப் பிசைந்ததுதான். ஆகவே அதிகாரிகள் ஜீப்பை எடுத்துக்கொண்டு உதியன்குளங்கரைப் பக்கம் கிளம்ப வேண்டியதில்லை.

முதல் நாள் காலை அவரைத் தராசில் ஏற்றினார்கள்: 92 கிலோ. அடுத்து ஒரு படிவம் நீட்டினார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது, ஜெர்மனில் இருந்தது, மலையாளத்திலும் இருந்தது. தமிழில் இல்லை. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டது. அதனால் கேரளப் பக்கமே தங்கிப்போன தமிழர்கள் நிலையத்தின் மதிலுக்கு வெளியே நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் நிலையத்தைக் குறை சொல்வது நியாயமாகாது. அந்தத் தமிழர்கள் விருந்தினராக வருவதில்லை. அடுக்களைக்கும் தோட்டத்துக்கும் வேலைக்கு வருகிறார்கள். அந்த வாசலில் படிவம் கிடையாது.

மருத்துவர் பொறுமைசாலி. நாக்கை நீட்டச் சொன்னார், நாடி பார்த்தார், ‘ஸ்தௌல்யம்’, அதாவது உடற்பருமன், என்று எழுதினார். சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 21ஆம் அத்தியாயம், நிந்தைக்கு ஆளாகும் உடம்புக்காரர்கள் எட்டு வகை என்கிறது. மிக நெட்டை, மிகக் குட்டை, மேலெல்லாம் முடி, முடியே இல்லாமை, மிகக் கறுப்பு, மிக வெளுப்பு, மிகப் பருமன், மிக மெலிவு. இந்த எட்டில் வாரப் பேக்கேஜ் போடும் அளவுக்கு வளர்ந்தது பருமன் ஒன்றுதான். அதற்குச் சரகர் சொல்லும் வழிகளில் பார்லி, கொள்ளு, தேன்நீர், உடலுழைப்பு எல்லாம் வருகின்றன. தூக்கத்தைப் படிப்படியாகக் குறைப்பதும் மனத்துக்குச் சிந்தனை கொடுப்பதும்கூட வருகின்றன. கடைசி இரண்டுக்கும் நிலையம் தனி ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. கட்டண ரசீதைக் கையில் கொடுத்ததோடு அவை தாமாக நடந்தன.

பிறகு உத்வர்த்தனம். உலர்ந்த பொடியைக் கீழிருந்து மேலாக, முடியின் போக்குக்கு எதிராக, அழுத்தித் தேய்ப்பது. கோலகுலத்தாதி சூரணம் என்று டப்பாவில் எழுதியிருக்கும் அந்தப் பொடியில் முக்கியமான சரக்கு கொள்ளு. குமரிக்காரர் வாயில் காணம். மதிலுக்கு வெளியே அதைத் துவையல் அரைத்துக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து முக்கால் மணி நேரம் தலைமையாசிரியரைக் காணத்தில் புரட்டியெடுத்ததை அடுக்களை அக்கா எட்டிப் பார்த்தார். “சாரே, இத வயித்துக்குள்ள போட்டா போராதா? வெளிய தேச்சா எங்கோடி உள்ள போவும்?” என்று கேட்டார். “சும்மா இருங்கக்கா, இது சாஸ்திரம்” என்றார் இவர். தோல் பளபளத்தது, உடம்பு லேசான மாதிரி இருந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. கொழுப்பு மட்டும் தேய்ப்பதால் கரைவதில்லை. செலவு வரவைவிடக் கூடும்போதுதான் உடம்பு அந்தக் கிடங்கைத் திறக்கும்.

பக்கத்து அறையில் நீண்ட நாள் தங்கும் ஜெர்மன்காரர் ஒருவர். பஞ்சகர்மத்தில் பேதிக்கு முந்திய படி சிநேகபானம். மருந்து போட்டுக் காய்ச்சிய நெய்யை வெறும் வயிற்றில், நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக் குடிக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து விமானம் ஏறி எடை குறைக்க வந்த மனிதர் விடியற்காலையில் டம்ளர் டம்ளராக நெய் குடிப்பதையும், சாயாவுக்கு ஒரு சொட்டுப் பால் கேட்ட தமக்கு அது மறுக்கப்பட்டதையும் தலைமையாசிரியர் ஒருசேரக் கண்டார். சாஸ்திரத்தில் இதற்கு விளக்கம் உண்டு. பசித்த வயிற்றில் அது ஏறவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மண்டை வெடிக்கும் தலைவலி. “நல்லது, நச்சு வெளியேறுகிறது” என்றார்கள். நாற்பது ஆண்டுகளாக நாளுக்கு ஐந்து சாயா குடித்தவருக்கு அதைச் சட்டென்று நிறுத்தினால், ஓரிரு நாளில் தலைவலி உச்சத்துக்கு ஏறும். காஃபீன் விலகும்போது வருவது இது என்று எந்த மருத்துவ நூலும் சொல்லும். நச்சை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே சம்பளமில்லாமல் பார்த்துவருகின்றன. சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டுவது ஏறக்குறைய 180 லிட்டர். அவற்றுக்கு எந்தத் துறையும் தரச்சான்று கொடுத்ததில்லை.

இந்த இடத்தில் பகடியைக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவருக்குத் திடீரென்று உணவைப் பாதியாக்கிவிட்டு மருந்தை அப்படியே விட்டால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். அப்போது வரும் தலைசுற்றலையும் வியர்வையையும் “நச்சு” என்று சொல்லிப் படுக்கவைத்தால் ஆள் மயங்கிப்போவார். சர்க்கரை நோயாளிகள் இவ்வளவு பேர் இருக்கும் மாநிலத்தில் இதை யார் கண்காணிக்கிறார்கள் என்பது விளையாட்டுக் கேள்வியல்ல.

ஏழாம் நாள் தராசு 89 என்றது. கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். “ஒரே வாரத்தில் மூன்று கிலோ” என்று அடுத்த துண்டறிக்கைக்கு வரி தயாரானது.

அந்த மூன்று கிலோ எங்கே போனது என்று தலைமையாசிரியர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். பணியில் இருந்தபோது கணக்கு வாத்தியார். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. சிறுபயற்றுக் கஞ்சியாலும் நடையாலும் நாளுக்கு 1,100 கலோரி துண்டு விழுந்திருந்தால் வாரத்துக்கு 7,700. ஆக, கொழுப்பாகப் போனது ஒரு கிலோ. அதுவும் எந்த வழியாகப் போனது? ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதைக் கணக்கிட்டு எழுதினார்கள்: எரியும் கொழுப்பில் 84 விழுக்காடு கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி நீராகிறது. அப்படியானால் 840 கிராம் ரப்பர் தோட்டத்துக் காற்றில் கலந்துவிட்டது. திரும்பப் பெற வழியில்லை, வேண்டியதும் இல்லை.

மற்ற இரண்டு கிலோதான் வழக்குக்குரியது. கல்லீரலிலும் தசையிலும் சுமார் அரை கிலோ கிளைக்கோஜன் இருப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்துவைத்திருக்கும். சோறும் மரச்சீனியும் நின்றதும் முதலில் காலியாவது இந்த இருப்புதான். உப்புக் குறைந்ததால் போன நீர், வெறுமையான குடல், நீராவிப் பெட்டியில் வடிந்த வியர்வை எல்லாம் சேர்ந்தால் இரண்டு கிலோ சரியாக வந்துவிடுகிறது. எந்த முகாமிலும் முதல் வாரமே அமோகமாக இருப்பதன் ரகசியம் இதுதான். திரும்புகிற வழியில் அவர் களியக்காவிளையில் இறங்கி மூன்று புரோட்டா சாப்பிட்டார். அந்த வாரக் கடைசிக்குள் இரண்டு கிலோவும் வீடு வந்து சேர்ந்தன. வாரக் கட்டணம் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

புரோட்டா என்றதும் நிதித் துறைக்கு ஒரு வார்த்தை. 2016 ஜூலை பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக் 14.5 விழுக்காடு கொழுப்பு வரி போட்டார். பிராண்டு கடைகளின் பர்கருக்கும் பீட்சாவுக்கும் அந்த வரி. தெருமுனைப் புரோட்டாவுக்கும் பழம்பொரிக்கும் இல்லை. வெளிநாட்டுக் கொழுப்பு மட்டுமே தொந்தியில் படியும் என்று நிதித் துறை கண்டுபிடித்தது உலகுக்குப் புதுச் செய்தி. மறு ஆண்டு ஜிஎஸ்டி வந்து அந்த வரியை விழுங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் புரோட்டாவுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. உடற்பயிற்சிக் கூடத்துக்கும் யோகா நிலையத்துக்கும் 5 விழுக்காடு. எடை போடுவதற்கு வரியில்லை, குறைப்பதற்கு வரி. அதற்கு முன்பு 18 ஆக இருந்தது என்று ஆறுதல் சொல்வார்கள். சொல்லட்டும்.

இனி உங்கள் துறையின் பங்கு. நெய்யாற்றின்கரை தாலுகாவுக்கு இந்தத் தொழில் நேற்று வந்ததல்ல. உலகின் முதல் ஆயுர்வேத ரிசார்ட் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் சோமதீரம், சொவ்வர கடற்கரையில் 1985இல் தொடங்கியது. போலிகள் பெருகியபோது நீங்கள் பச்சை இலை, ஒலிவ இலை என்று தரச்சான்று கொடுத்தீர்கள். பிறகு சில்வர், கோல்டு, டைமண்டு என்று உயர்ந்தீர்கள். இலையிலிருந்து வைரத்துக்கு வந்த அந்தப் பயணத்தில் நீங்கள் காட்டிய நுணுக்கத்தைக் கண்டு எல்லையோரத்தார் வியக்கிறார்கள். தடவும் மேசை 7 அடி நீளம், 3 அடி அகலம் இருக்க வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் தடவ வேண்டும். தகுதி பெற்ற மருத்துவர் மேற்பார்வை வேண்டும். சிகிச்சையறைக்குக் குளியலறை ஒட்டியிருக்க வேண்டும். பச்சை இலைக்கு மூலிகைத் தோட்டமும் வேண்டியிருந்தது. நல்ல விதிகள்தாம். மேசையை அளந்தீர்கள், அறையை அளந்தீர்கள். மேசையில் படுத்தவர் ஓராண்டு கழித்து எத்தனை கிலோ இருக்கிறார் என்று மட்டும் அளக்கவில்லை.

அளந்து பார்த்தவர்கள் வேறு நாட்டில் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற எடைக்குறைப்புப் போட்டி நடந்தது. கெவின் ஹால் குழுவினர் அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். இழந்த எடையில் பெரும்பகுதியைப் பெரும்பாலோர் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதைவிட வருத்தமான செய்தி, சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு எரிக்கும் ஆற்றல் எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்தே இருந்தது. வேகமாக இறக்கப்பட்ட உடம்பு சிக்கனம் பழகிக்கொண்டு, அதை மறக்கவேயில்லை. நிலையத்தின் துண்டறிக்கையில் இந்தப் பக்கம் அச்சாகவில்லை.

மதிலுக்கு வெளியே என்ன நிலவரம்? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள் கேரளத்தில் 38.1 விழுக்காடு, தமிழ்நாட்டில் 40.4. மொழியில், தண்ணீரில், எல்லைக்கல்லில் தகராறு உள்ள இரு மாநிலங்கள் இடுப்பளவில் ஒன்றுபட்டிருக்கின்றன. இவர்களில் யாரும் வாரக் கட்டணம் கட்டப்போவதில்லை. கேரளத்தில் இவர்கள் வீட்டுக்கு வந்து சர்க்கரை உண்டா, அழுத்தம் உண்டா என்று கேட்டு, ‘ஷைலி’ செயலியில் பதிந்து, குடும்ப ஆரோக்கிய மையத்துக்கு அனுப்புகிறவர் ஆஷா பணியாளர். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியம் போதவில்லை என்று அவர்கள் 2025 பிப்ரவரி 10 முதல் உங்கள் தலைமைச் செயலகத்து வாசலில் உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியர் ஒரு வாரத்துக்குக் கட்டியது அந்த மதிப்பூதியத்தைப்போலப் பல மடங்கு.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அந்த ஏழு நாளில் தலைமையாசிரியர் ஒன்பதரைக்குத் தூங்கினார், காலையில் நடந்தார், மிச்சர் பாக்கெட்டைத் தொடவில்லை, கைப்பேசியை ஓரம் வைத்தார். அவருக்கு நன்மை செய்தவை இவைதாம். இவற்றில் ஒன்றுக்கும் வைரத் தரச்சான்று தேவைப்படவில்லை.

ஆகவே துறையிடம் எல்லையோரத்தார் கேட்பது சொற்பமே. எடை குறைப்பதாக விளம்பரம் செய்யும் நிலையம் ஒவ்வொன்றும், ஓராண்டுக்கு முன் வந்தவர்களின் இன்றைய எடையை அந்த விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். முதல் வாரக் கிலோவை அச்சிடுவதானால் அதில் நீர் எவ்வளவு என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும். சர்க்கரை மருந்து எடுப்பவருக்கு, உணவைக் குறைக்கும் நாளிலேயே மருந்தளவை அவருடைய மருத்துவரிடம் கேட்டு மாற்றியதற்கான குறிப்பு கோப்பில் இருக்க வேண்டும். படிவம் தமிழிலும் இருந்தால் நல்லது; அடுக்களைக்காரர்களும் ஒரு நாள் விருந்தினராக வரக்கூடும்.

கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, மாநிலத்துத் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதலாம் என்கிறது. அப்படி எழுதினால் பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது. பதிலை எதிர்பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர எடைதாரர்கள்