ஈரப்பதம் குறித்து ஓர் இலவச உரை

2013 மே மாதம் லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் மதுக்கூடங்களில் விஞ்ஞானிகள் மேடையேறி, பீர் குடிக்க வந்தவர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். 'பைன்ட் ஆஃப் சயின்ஸ்' என்று பெயர். இன்று பல நாடுகளில் நடக்கிறது.

தஞ்சாவூர்க்காரனுக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? 2003 முதல் டாஸ்மாக்கே சில்லறை விற்பனை செய்யும் நாடு இது. மதியம் 12 மணிக்குக் கடை திறந்தால், பக்கத்து பாரில் 12.20க்கு முதல் உரை தொடங்கிவிடும். அனுமதி இலவசம். சுண்டலுக்குத்தான் காசு.

தலைப்பு பெரும்பாலும் காவிரி. பிளாஸ்டிக் டம்ளர் மேட்டூர். தண்ணீர் பாக்கெட் கல்லணை. "முழு மட்டம் 120 அடி மாப்ள! ஜூன் 12 தொறந்தாகணும்!" 2018 தீர்ப்பின் 177.25 டிஎம்சியில் புள்ளிக்குப் பின்னால் உள்ள 25-ஐக்கூடப் பேச்சாளர் விட்டுக்கொடுப்பதில்லை. டம்ளரில் மட்டம் இறங்க இறங்க, கர்நாடகத்தின்மேல் கோபம் ஏறும். அடுத்து கொள்முதல் நிலையம்: நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக் கூடாது என்கிற விதியைக் கிழிகிழியென்று கிழிப்பார். அந்த நேரத்தில் பேச்சாளரின் ஈரப்பதத்தை யாரும் அளப்பதில்லை.

கேள்வி நேரமும் உண்டு. "எல்லாஞ் சரி மாப்ள, கடைமடைக்கு எப்பத் தண்ணி வரும்?" என்றார் மூலை மேசைக்காரர், காலி டம்ளரை நீட்டி.

பேச்சாளர் யோசித்தார். பிறகு, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், மேட்டூரிலிருந்து ஒரு வாய் திறந்துவிட்டார்.