கண்ணாடி வீடும் ஏழு நிமிடமும்

கே: 1960 வாக்கில் எடுத்த அமெரிக்கக் கண்ணாடி வீட்டுப் படங்களில் உள்ளே இருப்பவர்களும் தெளிவு, வெளியே ஊர் விளக்குகளும் தெளிவு. என் செல்போனில் மட்டும் ஒன்று தெரிந்தால் மற்றது தெரிவதில்லையே?
– வாசகர், தஞ்சாவூர்

ப: லாஸ் ஏஞ்சலஸ் மலைவிளிம்பில் பியர் கோனிக் கட்டிய ஸ்டால் வீட்டைச் சொல்கிறீர்கள். 1960-ல் அதை எடுத்தவர் ஜூலியஸ் ஷுல்மன். வீட்டை இருட்டாக்கிவிட்டு, ஏறக்குறைய ஏழு நிமிடம் ஷட்டரைத் திறந்துவைத்து ஊர் விளக்குகளை மட்டும் பிலிமில் சேகரித்தார். கடைசியில் உள்ளே ஃபிளாஷ் பல்புகள் பளிச்! சாவகாசமாக அரட்டையடிப்பதுபோல் தெரிகிற அந்த இரு பெண்களும் அதுவரை இருட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் வேலைகூட முழுதாக முடியவில்லை. நாற்காலி மேஜையெல்லாம் படத்துக்காக வந்தவை.

1947-ல் பாம் ஸ்பிரிங்ஸில் ரிச்சர்ட் நியூட்ரா வடிவமைத்த காஃப்மன் வீட்டை இதே ஷுல்மன் அந்தியில் எடுத்தபோது நீச்சல்குள விளக்கு கண்ணைப் பறித்தது. வீட்டுக்காரம்மாவையே கரையோரம் படுக்கவைத்து அதை மறைத்துவிட்டார்! அசையக் கூடாது என்று கண்டிப்பு வேறு. நம்மூர்க் கல்யாண வீட்டு ஃபோட்டோகிராபரெல்லாம் இவர் முன்னால் பரம சாது.

நீங்கள் உள்வெளிச்சமும் வெளிவெளிச்சமும் ஒத்துப்போகும்படி செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி, சூரியன் மறைந்த கையோடு, வானம் நீலமாக இருக்கும்போதே எடுங்கள். விளக்கை மறைக்க வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுவது உங்கள் சாமர்த்தியம்.