இணையா ஸ்கேனர் இலக்கணம்: சூத்திரமும் உரையும்

பழைய பிக்கப் டிரக்கோடு ஸ்கேனர் இணையாமை பற்றித் தமிழில் இதுகாறும் இலக்கணம் எழுந்ததில்லை. டெக்சாஸ் வெயிலில், 1997 மாடல் பிக்கப் ஒன்றின் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சனிக்கிழமை முழுக்க மல்லாந்து கிடந்த தகுதியால் அக்குறையை யாமே நீக்கத் துணிந்தோம்.

சூத்திரம்:

இருளும் ஊமையும் இன்மையும் என்னும்
மூவகை தாமே இணையா ஸ்கேனர்
என்மனார் பட்டறை உணர்ந்திசி னோரே.

இச்சூத்திரம் என்ன சொல்ல வந்ததோ எனின், செக் இஞ்சின் விளக்கு எரியக் கண்டு, பழுதுக் கோடு படிக்கலாம் என்று ஸ்கேனரைச் செருகியவனின் ஏமாற்றத்தை வகைப்படுத்த வந்தது. இருளாவது திரையே எரியாமை. ஊமையாவது திரை எரிந்தும் 'லிங்க் எர்ரர்' என்று நிற்றல். இன்மையாவது செருகப் பொருந்தும் சாக்கெட்டே இல்லாமை.

இருள்: பல ஸ்கேனர்களுக்குத் தனி பேட்டரி கிடையாது, வண்டி போடும் சோற்றைத்தான் தின்னும். 16 பின் சாக்கெட்டில் 16ஆம் பின் பேட்டரி கரண்ட். 4, 5 இரண்டும் எர்த். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 16இலும் கறுப்பு முனையை 4இலும் வைத்தால் சுமார் 12 வோல்ட் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிடில் ஃபியூஸைப் பார்க்க. பழைய பிக்கப்புகள் பலவற்றில் இந்த 16ஆம் பின்னுக்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே ஃபியூஸ், கூட்டுக் குடும்பம். அங்கே ஒருவர் செய்த தப்புக்கு இங்கே ஒருவர் பட்டினி.

சிகரெட்டே தொடாதவன் வண்டியிலும் இது நிகழுமோ எனின், நிகழும். விளக்கம் பின்னர் வரும்.

ஊமை: முதற்கண் சாவி 'ஆன்' நிலையில் உள்ளதா என்று காண்க. இதை மறந்தவர் பலர், ஒப்புக்கொண்டவர் சிலர். அடுத்து மொழி. 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற கார்களுக்கும் சிறு டிரக்குகளுக்கும் ஓபிடி-2 என்ற பொதுச் சோதனை முறை கட்டாயம். சாக்கெட் ஒன்றாயிற்றே தவிர மொழி ஒன்றாகவில்லை. அக்கால ஃபோர்டு 2, 10 ஆகிய இரு பின்களில் பேசும். ஜிஎம் 2ஆம் பின்னோடு நிறுத்திக்கொள்ளும். ஆசிய, ஐரோப்பிய வண்டிகள் பலவற்றுக்கு 7ஆம் பின். 6, 14இல் ஓடும் 'கேன்' என்ற பொதுமொழி அமெரிக்காவில் கட்டாயமானது 2008 மாடல் முதல்தான். எனவே புதுமொழி மட்டும் கற்ற மலிவு டாங்கிள், பழைய ஜிஎம் 2ஆம் பின்னில் கரடியாய்க் கத்தினாலும், 6இலும் 14இலும் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க: எத்துளைகளில் உலோகம் மின்னுகிறதோ, அவற்றைக் கொண்டு வண்டியின் தாய்மொழியை ஊகிக்கலாம்.

இதற்குப் புறனடை: 1994, 95 ஜிஎம் வண்டிகள் சிலவற்றில் 16 துளை சாக்கெட் இருக்கும், உள்ளே பேச்சு பழையதாகவே இருக்கும். சாக்கெட்டைக் கண்டு ஏமாறாமல், பானெட்டைத் தூக்கி எமிஷன் ஸ்டிக்கரில் ஓபிடி-2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க.

இன்மை: அதற்கும் முந்திய ஜிஎம் வண்டிகள் பலவற்றில் 12 துளை சாக்கெட். அடாப்டர் வாங்கினால் பிளக் பொருந்தும், பேச்சு பொருந்தாது. ஏ, பி என்ற இரு துளைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, இஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் 'ஆன்' செய்தால் செக் இஞ்சின் விளக்கே கண்சிமிட்டும். ஒரு சிமிட்டல், சற்று இடைவெளி, இரு சிமிட்டல்: 12. இப்படி மூன்று முறை. 'இஞ்சின் ஓடவில்லை, நான் விழித்திருக்கிறேன்' என்பது அதன் பொருள். பழுதுக் கோடுகள் அதன் பின்னே வரும். இங்கே ஸ்கேனர் வேண்டாம். எண்ணத் தெரிந்தால் போதும்.

இனி வைப்புமுறை. இருளை முதலில் வைத்தது என்னையெனின், செலவு குறைந்ததை முதலில் பார்ப்பது பட்டறை மரபாகலான். யாம் அம்மரபை மீறினோம். திரை இருண்டு கிடந்தும், வண்டியின் கம்ப்யூட்டர் போயிற்று என்று தீர்மானித்தோம், ஸ்கேனர் மேலும் ஐயுற்று இரண்டாவதாக ஒன்று வாங்கினோம், அதுவும் இருண்டது. மாலையில்தான் ஃபியூஸ் ஞாபகம் வந்தது. புதிது போட்ட மாத்திரத்தில் அதுவும் போயிற்று. அப்புறம்தான் லைட்டர் துளைக்குள் டார்ச் அடித்தோம். அடியில் ஒரு சென்ட் காசு, நடு முனையையும் சுற்றுச் சுவரையும் ஒருங்கே தொட்டபடி, தாமிர நிறத்தில் சிரித்தது. அதன் விட்டம் 19 மில்லிமீட்டர். துளை அதைவிடச் சற்றே பெரிது. காசு போட என்றே கடைந்தாற்போன்ற பொருத்தம்.

வீட்டம்மாவின் புருவ இடுக்கியால் காசை எடுத்து, மூன்றாம் ஃபியூஸைப் போட்டதும் திரை ஒளிர்ந்தது. பி0440 என்றது. எரிபொருள் ஆவி வெளியேறாமல் காக்கும் அமைப்பில் கோளாறு. டேங்க் மூடி சரியாக மூடாததும் காரணமாகலாம். போய்ப் பார்த்தோம். மூடி அரைத் திருகில் நின்றது.

இழப்பு: ஒரு பகல், இரண்டு ஃபியூஸ், தேவையில்லாத ஒரு ஸ்கேனர். வரவு: ஒரு சென்ட். உரை முற்றிற்று.